எட்டுப் பேருக்கு ஒரே வலி

எட்டுப் பெண்களுக்கு ஒரே நேரத்தில், ஒரே அளவில், ஒரே மாதிரி வலி எப்படி வரும்? இதுதான் கேள்வி. கேட்டவர்கள் நலத்திட்ட அலுவலகத்துக் கணினிக்காரர்கள். பதில் சொன்ன மகா புத்திசாலி நான். பெயர் மேகலா. மருத்துவ மானுடவியலில் முதுகலை, இரண்டாம் ஆண்டு.

"அப்படின்னா டாக்டருக்குப் படிக்கிறியா?" என்று என் சித்தப்பா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். இல்லை. நோயை டாக்டர்கள் படிக்கிறார்கள். நோய் வந்தவர் அதை என்னவென்று நினைக்கிறார், யாரிடம் சொல்கிறார், யாரிடம் மறைக்கிறார் என்பதை நாங்கள் படிக்கிறோம். "மறைக்கிறார்" என்ற வார்த்தையைப் பரீட்சைத் தாளில் எத்தனையோ தடவை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். மலை ஏறியதும் அது மட்டும் மறந்துபோயிற்று.

ஒட்டு என்ற கருவியைப் பற்றித் தெரியாதவர்கள் இப்போது யாரும் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு குழம்பக் கூடாது. ஐந்து ரூபாய்க் காசு அளவு. தோலில் ஒட்டினால் உடம்பின் வலியைப் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். "வலிக்குதா?" என்று இப்போதெல்லாம் யாரும் யாரையும் கேட்பதில்லை, எண்ணைப் பார்க்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு எண் ஐம்பதைத் தாண்டினால் அன்று சம்பளத்தோடு ஓய்வு, மாதத்துக்கு நாலு நாள் வரை. எழுபதைத் தாண்டி ஆறு மணி நேரம் நின்றால் ஆம்புலன்ஸ் தானாகவே வீட்டு வாசலுக்கு வரும். அந்த எழுபதுக்கு அவர்கள் வைத்த பெயர் வண்டிக் கோடு.

வால்பாறை மலையில் செம்பாறைத் தேயிலை எஸ்டேட். மூன்றாவது லைன் வீட்டு வரிசையில் குடியிருக்கும் எட்டுப் பெண்களின் எண்கள் ஜூன் மாதத்திலிருந்து ஒன்றாகவே ஏறின, ஒன்றாகவே இறங்கின. ஒட்டைச் சோதித்தார்கள், கோளாறு இல்லை. சர்வரைச் சோதித்தார்கள், அதிலும் இல்லை. சரி, மனுஷர்களைப் படிக்கிற ஆளை அனுப்புங்கள் என்று எங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போட்டார்கள். ஆகஸ்டில் மூன்று வாரம் போய் உட்கார்ந்தேன். பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார்கள், காலில் ஏறிய அட்டையை உப்பு வைத்து எடுத்துவிட்டார்கள், ஊர்க் கதையெல்லாம் சொன்னார்கள். அந்த எட்டுப் பேரில் வாய் அதிகம் உள்ளவள் சண்முகக்கனி. "எட்டுப் பேருக்கும் எப்படிக்கா ஒண்ணா வலிக்குது?" என்று கேட்டேன். "ஒருத்திக்கு வலிச்சா எல்லாருக்கும் வலிக்கும் டீச்சர். அப்படித்தான் இங்க" என்றாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே எழுத ஆரம்பித்துவிட்டேன். தனி மனித உடம்பு என்பதே நகரத்துக்காரர்களின் நினைப்பு, சேர்ந்து வாழ்கிற இடத்தில் வலியும் சேர்ந்தே வருகிறது என்று நாற்பது பக்கம். தலைப்பு 'கூட்டு வலி'. என் வழிகாட்டி பேராசிரியர் பிரமிளாவின் பெயரும் என் பெயரும் சேர்ந்து வந்தன. பொன்னாடை போர்த்தினார்கள், முனைவர் பட்டத்துக்கு இடம் கொடுத்தார்கள். இந்தப் படிப்புக்காகக் கல்யாணத்தை மூன்று தடவை தள்ளிப்போட்டவள் நான். அம்மா முதல் தடவையாகப் பக்கத்து வீட்டில் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினாள்.

அக்டோபரில் இரண்டாம் சுற்றுக்காக மறுபடியும் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது காலை பதினொரு மணி, விடாத மழை. லைனில் ஆள் நடமாட்டமே இல்லை, எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். ஐந்தாம் எண் வீட்டிலிருந்து மட்டும் முனகல் கேட்டது. மரியபுஷ்பத்தின் வீடு. எட்டுப் பேரிலேயே அதிகம் பேசாதவள் அவள்தான். கதவைத் தட்டினேன், பதில் இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

பாயில் குப்புறக் கிடந்தாள். ரவிக்கை மேலே ஏறியிருந்தது. அவள் முதுகில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு ஒட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன.

எட்டுப் பேருக்கு ஒரே வலி எப்படி வந்தது என்று கடைசியில் தெரிந்துவிட்டது. என் நாற்பது பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போடலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதற்கு நேரம் இல்லை. புஷ்பத்தின் உடம்பு அனலாகக் கொதித்தது.

"புஷ்பக்கா! எங்க வலிக்குது?"

"விலாவுல... தோள்பட்டைக்கு ஏறுது..." என்றாள். கண்ணில் வெள்ளைப் பகுதி மஞ்சளாக இருந்தது.

எஸ்டேட் மருந்தகத்து டாக்டர் இக்பாலைப் போனில் கூப்பிட்டேன். ஐந்து நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். வலது விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்தினார். புஷ்பம் வீடே அதிரக் கத்தினாள்.

"பித்தப்பை. கல் அடைச்சுச் சீழ் புடிச்சிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணியாகணும்" என்றார்.

"எவ்வளவு நேரம் இருக்கு டாக்டர்?"

"வெடிக்கிற வரைக்கும். சாயந்தரம் தாங்கினா பெரிய விஷயம்."

அவர் கையிலிருந்த டேப்லெட்டை எட்டிப் பார்த்தேன். எண்பத்து மூன்று. நேற்றிலிருந்து எண்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எண்பத்து மூணுன்னா வண்டி நேத்தே வந்திருக்கணுமே! ஏன் வரல?"

இக்பால் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான நிறுத்தி வெச்சீங்க" என்றார்.

"நானா?"

"கூட்டு வலி எழுதினது நீங்கதான? எட்டுப் பேர் எண்ணும் செப்டம்பர்ல எழுபதைத் தொடப் பாத்துச்சு. எட்டு வண்டியா அனுப்ப முடியும்? மேல இருக்கிறவங்க உங்க கட்டுரையைக் கள ஆதாரமா சேத்தாங்க. இந்த ஊர்ல ஒருத்தி வலி எல்லாருக்கும் தொத்திக்கும், அதனால எண் கூடுதலாத்தான் காட்டும், பயப்பட வேண்டாம்னு சொல்லி இந்த எஸ்டேட்டுக்கு மட்டும் வண்டிக் கோட்டைத் தொண்ணூறுக்கு ஏத்திட்டாங்க. இங்க பாருங்க, என்ன போட்டிருக்குன்னு."

பச்சை விளக்குக்குக் கீழே 'இவ்விடத்து இயல்பு' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல் என் கட்டுரையில் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது. நான் யோசித்து யோசித்து வைத்த சொல்.

"மத்த ஏழு ஒட்டையும் பிச்சுப் போட்டுட்டா?"

"போட்டாலும் கோடு தொண்ணூறுதான்."

"நீங்க டாக்டர். மீறி அனுப்ப முடியாதா?"

"மூணு தடவை மீறி மூணு பேரை அனுப்பினேன். இந்த மாசம் என் டிஜிட்டல் கையெழுத்தைப் பூட்டி வெச்சிருக்காங்க."

"ஜீப்ல போட்டுப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோயிடலாம்!"

"நாப்பது கொண்டை ஊசி வளைவு. சரி, உசுரோட இறக்கிட்டோம்னே வெச்சுக்குவோம். இறங்கினதும் முதல்ல ஒட்டைத்தான் ஸ்கேன் பண்ணுவாங்க. பச்சை எரிஞ்சா எந்த ஆபரேஷன் தியேட்டர் கதவும் திறக்காது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க!" அவர் கத்தியே விட்டார். அந்த ஆளுக்கும் என்மேல் கோபம் இருந்திருக்கிறது, இத்தனை நேரம் அடக்கிக்கொண்டு பேசியிருக்கிறார்.

அப்போது சண்முகக்கனி ஓடி வந்தாள். தலையிலிருந்து முழங்கால்வரை போர்த்தியிருந்த பிளாஸ்டிக் படுதாவிலிருந்து தண்ணீர் சொட்டியது. டேப்லெட்டில் அவள் பெயருக்கு நேரே 'ஓய்வு நாள்' என்று இருந்ததை நான் பார்த்திருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லீவைப் போட்டுட்டு எங்கக்கா ஊர் சுத்திட்டு வர்றீங்க? இவ இங்க செத்துக்கிட்டிருக்கா! உங்க ஏழு பேருக்கும் லீவு வேணும்னா வலிக்கிறவ முதுகுதான் கெடச்சுதா? மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லியா உங்களுக்கு?"

கனி படுதாவைக் கழற்றி மூலையில் போட்டாள். ஆகஸ்டில் வாய் மூடாமல் பேசிய பொம்பளை, இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். புஷ்பத்தின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நாங்க பாவிகதான் டீச்சர். அப்புறமா எவ்வளவு வேணாலும் திட்டு. இப்ப வண்டி வரணும். அதுக்கு வழி இருந்தாச் சொல்லு."

வழி யாருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்று பிரமிளா மேமுக்குப் போன் செய்தேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஆதாரத்தை எழுதினவளே வாபஸ் வாங்கினா கோடு உடனே எழுபதுக்கு இறங்கிடும். போர்ட்டல்ல உன் லாகின்ல ஒரு படிவம் இருக்கு, திற" என்றார்.

திறந்தேன். காரணம் கேட்டது. மூன்றே கட்டங்கள். ஒன்று: தகவல் தந்தவர்கள் ஏமாற்றினார்கள். இரண்டு: ஆய்வாளர் தகவலை இட்டுக்கட்டினார். மூன்று: ஆய்வில் பிழை, மறுபரிசீலனை தேவை.

"மூணாவது போடறேன் மேம். பிழைதான?"

"பிழைன்னா கமிட்டி உக்காந்து பாக்கும். பதினாலு நாள். அதுவரைக்கும் கோடு அப்படியேதான் இருக்கும்."

"அப்ப முதலாவதா?"

"அதுதானே உண்மை! அதையே போடு. உடனே இறங்கும். உனக்கும் ஒரு சேதமும் வராது, எனக்கும் வராது. எட்டுப் பேர் சேர்ந்து ஏமாத்தினா நீ என்ன பண்ணுவே?"

"போட்டா அவங்களுக்கு என்ன ஆகும்?"

"ஒட்டு மோசடிக்கு விசாரணை வரும். வேலை போயிடும்."

வேலை போனால் லைன் வீடும் போகும். அது எனக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் கட்டுரையிலேயே ஆறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எட்டு வீடு. ஆகஸ்டில் ஒவ்வொருத்தியிடமும் சம்மதப் படிவத்தை நீட்டி, "நீங்க சொல்ற எதனாலயும் உங்களுக்குக் கெடுதல் வராதுக்கா, இது என் பொறுப்பு" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியவள் நான்.

"மேம், ரெண்டாவது போட்டா?"

"மேகலா, பைத்தியம் மாதிரி பேசாதே. இட்டுக்கட்டினேன்னு நீயே எழுதிக் கொடுத்தா அதோட உன் படிப்பு முடிஞ்சுது. எந்தப் பல்கலைக்கழகமும் உன்னை வாசப்படி ஏத்தாது. என் பேரும் அதுல இருக்கு, எனக்கும் தலைகுனிவுதான். அவங்க உன்னை ஏமாத்தினாங்க. இன்னொருத்தி வலியில குளிர் காஞ்சவங்களுக்காக நீ ஏன் அழியணும்?"

எனக்கும் அதே கேள்விதான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் அந்த ஏழு பேர்மேல் எனக்குத் துளி இரக்கம் இல்லை. முதல் கட்டத்தின்மேல் விரலைக் கொண்டுபோனேன். உள்ளேயிருந்து புஷ்பத்தின் குரல் கேட்டது. "கனி, கனி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவளையே கூப்பிடுகிறாளே என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் முதல் கட்டத்தை அழுத்தினால் ஆபரேஷன் முடிந்து புஷ்பம் திரும்பி வர வீடு இருக்காது. அவளும் அந்த எட்டில் ஒருத்தி.

இரண்டாவதை அழுத்தினேன். 'நேர்காணல்கள் அனைத்தும் என் கற்பனை. அந்தப் பெண்கள் அப்படி எதுவும் கூறவில்லை' என்று எழுதினேன். இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினேன். அனுப்பினேன்.

"போட்டுட்டியா?" என்றார் மேம். "போட்டுட்டேன்" என்றேன். போனை வைத்துவிட்டார்.

உள்ளே போனபோது இக்பால் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் பார்த்தோம். ஒரு நிமிடம் பச்சை. இரண்டு நிமிடம் பச்சை. படிவம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, மழைக்கு டவர் விழுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். நாலாவது நிமிடம் விளக்கு சிவப்பானது. 'வாகனம் புறப்பட்டது, இருபத்தைந்து நிமிடம்' என்று வந்தது. மற்ற ஏழு பேர் பெயரிலும் வண்டி கிளம்புவதற்குள் இக்பால் புஷ்பத்தின் முதுகில் இருந்த அவர்களுடைய ஒட்டுகளையும் உரித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஈரத்துல கெட்டுப்போன ஒட்டு, மாத்திக் கொடுத்தாச்சுன்னு எழுதிடறேன். நான் வேற எதையும் பாக்கல" என்றார்.

நாற்பது வளைவிலும் புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். முப்பதாவது வளைவில் எண் தொண்ணூற்றொன்று ஆனது. அதற்குப் பிறகு அவள் முனகவும் இல்லை. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போது மணி இரண்டு. பித்தப்பை ஓரிடத்தில் கிழிந்தேவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அறுவை செய்த டாக்டர் பிற்பாடு சொன்னார். நான் வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை வார்டுக்குள் விட்டார்கள். புஷ்பம் கண் திறந்திருந்தாள். நர்ஸ் புதிதாக ஒட்டிய ஒட்டில் எண் இருபத்திரண்டு.

"கனி வந்தாளா?" என்றாள் முதலில்.

எனக்கு அடக்க முடியவில்லை. "அவ எதுக்கு? இனிமே அந்த ஏழு பேருக்கும் உங்க புண்ணியத்துல லீவு கெடைக்காது. அந்தக் கவலையில இருப்பாங்க" என்றேன்.

புஷ்பம் என்னைப் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள். "ஐயோ டீச்சர், நீங்க அப்படியா நெனச்சுட்டீங்க?" என்றாள்.

"வேற எப்படி நெனைக்கிறது?"

அவள் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு மாசத்துக்கு நாலு நாளுதான ஓய்வு. மாசம் பூரா வலிச்சா நாலு நாள் எந்த மூலைக்கு? வேலைக்குப் போகலைன்னா எஸ்டேட்காரன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவான். அதுக்குத்தான் ஏழு பேரும் அவளுக ஒட்டைக் கொண்டாந்து என் முதுகுல ஒட்டினாளுக. ஆளுக்கு நாலு நாள் ஓய்வு கெடச்சுது. அந்த ஓய்வு நாள்ல ஒருத்தி மாத்தி ஒருத்தி என் கார்டை மாட்டிக்கிட்டு, என் பேருல போய்க் கொழுந்து பறிச்சாளுக. மழைக்காலம் டீச்சர். எல்லாரும் படுதா போத்திக்கிட்டு நிக்கிறோம், எவ மூஞ்சிய எவன் பாத்தான்? ஜூன்லருந்து நான் தேயிலைக் காட்டுக்கே போகல. ஒரு நாள்கூட ரிஜிஸ்டர்ல எனக்குப் பேர் விழாம இருந்ததில்ல. நேத்து கனி முறை."

ஏழு பேர், ஆளுக்கு நாலு நாள். இருபத்தெட்டு. ஒரு மாதத்தின் எல்லா வேலை நாளும் அதற்குள் அடங்கிவிடுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெண்கள் போட்ட கணக்கு. முதுகலைப் படிப்புக்காரி எனக்கு வரவில்லை.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"கனி சொல்லிடலாம்னுதான் சொன்னா. நாங்க எதைச் சொன்னாலும் நீங்க நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தீங்க. பயமாயிருந்துச்சு."

"ஆஸ்பத்திரிக்காவது முதல்லயே போயிருக்கலாமே!"

"அறுபதுதான காட்டுச்சு அப்ப? எழுபது வந்தா வண்டி வந்துரும்னு காத்துக்கிட்டிருந்தோம். எழுபது வந்துச்சு, வண்டி வரல. எழுபத்தஞ்சு வந்துச்சு, வரல. ஏன்னு எங்களுக்கு யாரு சொன்னா? தினமும் ஒருத்தி வாசல்ல நின்னு ரோட்டையே பாத்துக்கிட்டிருப்பா."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. அப்போது போன் அடித்தது. பிரமிளா மேம். குரல் நேற்றைப் போல் இல்லை, கனிவாக இருந்தது.

"மேகலா, ராத்திரி பூரா யோசிச்சேன். காலையில கமிட்டித் தலைவர்கிட்ட உனக்காகப் பேசினேன். அவர் பக்கத்துலதான் இருக்கார், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஒரே ஒரு கேள்வி. மொத்தமும் இட்டுக்கட்டினதா, இல்ல, இருந்ததைக் கொஞ்சம் மிகைப்படுத்தினியா? மிகைன்னா ஒரு வருஷத் தடையோட விட்டுடுவாங்க, திரும்ப வந்து படிக்கலாம். ஒருத்தியோட வலியை மத்தவங்க எல்லாரும் சேர்ந்து சுமந்தாங்கன்னு எழுதினியே, அதுல கொஞ்சமாவது உண்மை இருக்கா? இருந்தா யார், எப்படின்னு மட்டும் சொல்லு. யோசிச்சுச் சொல்லும்மா."

கதவோரம் பேச்சுக் குரல் கேட்டது. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார்கள். கனி கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், ஈரப் புடவையோடு, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தபடி நின்றார்கள்.

"இல்ல சார்" என்றேன். "துளிகூட உண்மை இல்ல. அங்க யாரும் யார் வலியையும் சுமக்கல. எல்லாம் நானா கட்டின கதை."